அப்பா சட்டமன்றத்தில் சொன்ன "பரவாயில்லை"

உஸ்டர்,
நவம்பர் 23, ஞாயிறு.

அன்புள்ள நாரேக் கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன், அதில் பாதி பொய்யாக இருக்கும், உனக்கும் அது தெரியும். இந்தத் தடவை முழுக்க நிஜம். நானும் அப்பாவும் நலமோ நலம். அந்த ஃபேர்பேங்க்ஸ் பனியில் நீயும் மாப்பிள்ளையும் என் தங்கம் யேனாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, காலையில் அடுப்பில் வைத்த சோறு அடிபிடித்துவிட்டது, கிம்ச்சிக்கு முட்டைக்கோஸை இரண்டு தரம் உப்புப் போட்டு ஊறவைத்துவிட்டேன், இந்த வருஷம் நாங்கள் கடல் தண்ணீரைத்தான் சாப்பிடப்போகிறோம். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் வந்தாலே அப்பா எழுந்து கீழே கடைக்குப் போய்விடுவார், இப்போதோ போகமாட்டார், பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்" என்று திருத்திக்கொண்டே இருப்பார். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தவிர, வியாழக்கிழமை முடிவு வரட்டும் என்று இரண்டு வாரமாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், நான் வாயைக் கட்டுவது என்றால் எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா. கொரிய எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும்.

அந்த மசோதாவைப் பற்றிப் போன வருஷம் நீதான் பேப்பரில் வந்ததை வெட்டி அனுப்பினாய், நினைவிருக்கும். உடம்பைக் கெடுக்கிற ரசாயனங்களைப் பட்டியல் போட்டு, எதற்கெல்லாம் பாதுகாப்பான மாற்று இருக்கிறதோ அதற்கெல்லாம் மாறியே ஆக வேண்டும், சின்னக் கடைக்காரர்களுக்கு மாறும் செலவில் பாதியை மாநில அரசு தரும் என்று. பட்டியலில் நம் கடையில் தண்ணீருக்குப் பதிலாகத் துணி வெளுக்கிற திரவம், நம்முடைய பெர்க்கும் இருந்தது. அதைப் பார்த்ததும் சலவைக்கடைக்காரர் சங்கத்தில் எல்லோரும் எதிர்க்கக் கிளம்பிவிட்டார்கள். தலைவர் தாக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே மேஜை போட்டு எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார். உன் அப்பா மூன்றாவது ஆளாகப் போட்டார். அதுவும் எப்படி, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி. "இருபத்தேழு வருஷமா தண்ணி படாம துவைக்கிறவன் நான். இனிமே தண்ணில துவைக்கணுமாம். அதுக்கு ஆத்தங்கரைக்கே போயிடலாமே" என்று வழியெல்லாம் புலம்பல். எனக்குத் தெரியும், கோபம் சட்டத்தின்மேல் இல்லை, உன்மேல். வயிற்றில் பிள்ளையோடு நீ வந்து, இரண்டாம் நாளே தலைசுற்றி வாந்தி எடுத்து ஓட்டலுக்குப் போனாயே, போகும்போது படிக்கட்டில் நின்று, கடைக்கு மேலே இருக்கிற இந்த வீட்டுக்கு என் குழந்தையைக் கொண்டுவரமாட்டேன், அந்த வாசனை தரை வழியாக ஏறுகிறது என்றாயே, அதற்கு அவர், "அப்ப நீயும் வராத" என்றாரே, அன்றிலிருந்து அவர் ஒழுங்காகத் தூங்கியதில்லை. ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உன் பிரசவத்துக்கு நான் வந்து மூன்று வாரம் கடல்பாசி சூப் வைத்துக் கொடுத்துத் திரும்பியபோது குழந்தை யார் ஜாடை என்றுகூடக் கேட்கவில்லை. நான் போட்டோவை வேண்டுமென்றே கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போவேன், வந்து பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

முதல் திருப்பம் பியோனால் வந்தது. அதுதான், பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கிறானே, ஒல்லியாக, எப்போதும் பாடிக்கொண்டு, அவன். போன வருஷமே பெர்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் துவைக்கிற புது இயந்திரத்துக்கு மாறிவிட்டான். சங்கத்தில் அவனைச் சீந்துவார் இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அப்பாவிடம் வந்து, "அண்ணே, ஒரே ஒரு துணி குடுங்க. கெட்டுப்போச்சுன்னா நான் மெஷினை வித்துட்டு உங்ககிட்ட வேலைக்கு வந்துடறேன்" என்றான். அப்பா என்ன கொடுத்தார் தெரியுமா, எங்கள் கல்யாணக் கோட்டு. சுத்தக் கம்பளி. சுருங்கிப் பொம்மைச் சட்டை ஆகட்டும், இவன் வாயை அடைக்கலாம் என்று நினைப்பு. நான் போட்ட சத்தத்தை எதிர்க் கடை வரை கேட்டிருப்பார்கள். மறுநாள் அது வந்தது, ஓர் அங்குலம் சுருங்கவில்லை. முப்பத்தோரு வருஷத்து வேர்வை மஞ்சள், என் தம்பி கொட்டின சோயா சாஸ் கறை, பெர்க்கால் என்ன செய்தும் போகாதது, போயே போய்விட்டது. அப்பா அக்குளை முகர்ந்து பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், தையலைப் பிரித்துப் பார்க்கிறார். கோட்டு நன்றாக வந்ததற்காக ஒரு மனிதன் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் நாள் ஆதரவாகப் பேச ஆள் தேடிக் கார்லா என்கிற பெண் வந்தாள், இந்தச் சட்டத்துக்காகக் கடை கடையாக அலைகிறவள். போன வருஷம் அவளை வாசலோடு அனுப்பியவர், இந்தத் தடவை நாற்காலி எடுத்துப் போட்டார்.

நவம்பர் 5 பாஸ்டனில் கருத்துக் கேட்புக் கூட்டம். அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்தார், பொத்தான் போடத்தான் மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது, அது தொப்பையின் குற்றம், இயந்திரத்தின் குற்றம் இல்லை. சட்டமன்றக் குழு உறுப்பினர்கள் பதினோரு பேர் மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தீயணைப்பு வீரர் பேசினார், ரசாயனம் பூசிய சோபாக்கள் எரியும்போது வரும் புகையைப் பற்றி, கூட வேலை பார்த்த நாலு பேரைப் புற்றுநோய்க்குக் கொடுத்ததைப் பற்றி, எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ரசாயன வியாபாரிகள் சார்பில் ஒருவர் எழுந்து, பாவம் இந்தச் சின்னக் கடைக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து உழைக்கிறவர்கள், அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பின்வரிசையில் தாக் அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்தது அப்பா. மூன்று நிமிஷம். எழுதிக்கொண்டுபோன தாளை நம் கொரிய மொழியில் படிக்கப் படிக்க, அங்கே ஏற்பாடு செய்திருந்த பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். நல்ல பெண், நம்மவள்தான், ஆனால் இந்த நாட்டிலேயே பிறந்தவள். படித்த வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு குழுத் தலைவி, வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, தன்மையாகத்தான் கேட்டாள், இத்தனை வருஷம் அந்தத் திரவத்தோடு இருக்கிறீர்களே, உடம்பு எப்படி இருக்கிறது என்று. உன் அப்பா குனிந்து ஒரு கும்பிடு போட்டுச் சொன்னார், "பரவாயில்லை." புது இயந்திரம் வாங்க அரசின் உதவி வேண்டியிருக்குமா என்று கேட்டாள். இன்னொரு கும்பிடு. "பரவாயில்லைங்க."

அந்தப் பெண் அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள், உடம்புக்கு ஒரு குறையும் இல்லையாம், உதவி எதுவும் வேண்டாமாம், நன்றியாம். ஓநாய்க்காரர் சிரித்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டார். கார்லா முகத்தில் ஈயாடவில்லை. தாக் அண்ணன்கூட, இவர் எதற்கு இவ்வளவு தூரம் வந்தார் என்பதுபோலப் பார்த்தார். அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை, மரியாதையாகப் பேசிவிட்டோம் என்கிற திருப்தியில் தாளை மடிக்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம், என் பெயர் பேசுகிறவர்கள் பட்டியலிலேயே இல்லை, எழுந்துவிட்டேன். கடைக் கவுன்டரில் பேசுகிற என் ஓட்டை இங்கிலீஷில்தான் சொன்னேன்: "அம்மா, நான் இவரு சம்சாரம். இவரு பரவாயில்லைன்னா அது பரவாயில்லைன்னு அர்த்தம் இல்லைங்க. போன பிப்ரவரியில மெஷின் பக்கத்துல மயங்கி விழுந்தாரு. கண்ணத் தொறந்ததும் சொன்ன மொத வார்த்தை பரவாயில்லை. எங்க ஊர்ல விருந்துக்கு வந்தவன் இன்னும் கொஞ்சம் சோறு போடவான்னா வேணாம்பான். ரெண்டாந்தரமும் வேணாம்பான். மூணாந்தரம்தான் கிண்ணத்த நீட்டுவான். நீங்க ஒரு தரம் கேட்டுட்டு நிறுத்திட்டா இந்த மனுஷன் பட்டினியாத்தான் வீட்டுக்கு வருவாரு." கூடம் முழுக்கச் சிரிப்பு. குழுத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, அப்ப எனக்கு இன்னும் ரெண்டு தரம் பாக்கி இருக்கு" என்றாள். மறுபடி கேட்டாள். நான் முறைத்ததைப் பார்த்தும் அவர், "பரவாயில்லை" என்றார், பழக்கம் விடுமா. மூன்றாவது தரம் கேட்டாள்.

நாரே, அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், அதில் எழுதாதது அது. அப்புறம் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் எனக்கு மனப்பாடம். "எனக்கு ஒரு பேத்தி இருக்கா. பொறந்து பதினாலு மாசம் ஆச்சு. நான் இன்னும் தூக்கினதில்ல. எங்க வீடு கடைக்கு மேல. இந்த வாசம் தரை வழியா மேல ஏறுது. என் மக மருந்து படிச்சவ, இங்க குழந்தையக் கொண்டுவர மாட்டேன்னு சொன்னா. நான் அவளையே வராதன்னுட்டேன். அவ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. எனக்கு உதவி வேணும்." அந்த மொழிபெயர்ப்புப் பெண் "அவ சொன்னது சரி" என்கிற இடத்தில் நின்றுவிட்டாள், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள். முப்பத்தோரு வருஷத்தில் நான் தப்பு என்று இந்த மனிதர் என்னிடம் சொன்னதில்லை, உப்பு அதிகமான குழம்புக்குக்கூட. அதைப் பதினோரு உறுப்பினர்கள் முன்னால், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார். நான் அங்கேயே கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன், வெட்கமே படவில்லை.

வியாழக்கிழமை கார்லா கடைக்கு ஓடியே வந்தாள். குழுவில் ஒன்பதுக்கு இரண்டு! மசோதா தேறிவிட்டது! இனி முழுச் சபையில் ஓட்டெடுப்பு, அது வசந்தத்தில்தானாம், அதற்குள் ஓநாய்கள் இன்னும் எத்தனை தரம் அழுமோ, நாங்களும் விடப்போவதில்லை, அடுத்த தடவை என் பெயரையும் பட்டியலில் போடச் சொல்லிவிட்டேன். தாக் அண்ணன் வந்து, "நாரே அப்பா, அந்தக் கோட்ட ஒரு தரம் காட்டு" என்று வாங்கி, அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். சங்கத்துக் கையெழுத்துத் தாளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன், "நீ சும்மா இரும்மா" என்றார், ஆனால் காதெல்லாம் சிவந்துவிட்டது. சட்டம் வரட்டும் என்று அப்பா காத்திருக்கவும் இல்லை. கூட்டத்துக்கு மறுநாளே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். இப்போது துணிகளை வாரம் இரண்டு நாள் வேனில் பியோன் கடைக்குக் கொண்டுபோய் அங்கே துவைத்து வருகிறோம், நம் புது இயந்திரம் வரும்வரை அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை உரிமம் உள்ள ஆட்கள் வந்து மிச்சத் திரவத்தை உறிஞ்சி எடுத்து, பழைய இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அப்பா அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேள். நீ உடனே டிக்கெட் எடுக்காதே. அம்மா எழுதினாள் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடாதே. மரத்திலும் சுவரிலும் தரையிலும் அந்தத் திரவம் இன்னும் ஊறியிருக்கும், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு வாரம் கழித்து உன் பழைய அறையில் ஒரு சின்னக் கருவியை நாள் முழுக்க வைத்துக் காற்றைச் சோதிக்கப்போகிறார்கள். படிவம் நிரப்பும்போது, முடிவை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டாள். நான் கடை முகவரியைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா, "இங்க வேணாம், எங்களுக்கு அது புரியாது. என் மகளுக்கு அனுப்புங்க, அவதான் முடிவு பண்ணணும்" என்றார். சரி என்று உன் முகவரி எழுதிய நோட்டை எடுக்க நான் மாடிக்கு ஓடினேன். நோட்டோடு இறங்கி வருகிறேன், அவர் தெருப் பெயர், வீட்டு எண், ஃபேர்பேங்க்ஸ், தபால் குறியீட்டின் ஐந்து எண்கள் வரை அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்திருந்தார்.

ஆகவே அலுவலக உறை எதுவும் வந்தால் விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதே. அதை நீயே படித்துப் பார், உன் மனசுக்குச் சரி என்று பட்டால் மட்டும் சொல், படவில்லை என்றால் தயங்காமல் இல்லை என்று சொல், நாங்கள் இன்னும் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். குழந்தைக்குக் காது மூடுகிற குல்லாய் போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீ, மாப்பிள்ளை, யேனா மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று தினம் காலையில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள
அம்மா