கண்ணாடியை இறக்கிச் சொன்ன சலாம்

அன்பின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் வெள்ளைக் காருக்கு டின்ட் அடித்தாகிவிட்டது.

முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். கறுப்புக் கண்ணாடிக் கார் எதிரே வந்தால், "கள்ளன் வாறான், வழி விடு" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள் நீங்கள். உள்ளே இருப்பவர் யாரோ ஒரு பாவப்பட்ட டொக்டராக இருப்பார். "மொகத்த மறச்சிக்கிட்டுப் போற மனிசனுக்கு எப்பிடிச் சலாம் சொல்ற?" என்பதுதான் உங்கள் வழக்கு. அப்படிப்பட்டவருடைய காருக்கே நான் கறுப்புப் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். அதை வீட்டுக்குள்ளே முணுமுணுக்காமல் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீங்களும் எந்தக் கதையையும் நாலு பேர் முன்னால்தானே சொல்வீர்கள்?

கருவாட்டு வியாபாரி காரில் கண்ணாடியை ஏற்ற முடியாது என்பது நீங்கள் சொன்ன சாக்கு. வாடை ஒரு காரணம்தான். நுரைச்சோலை ரோட்டில் உங்களுக்குத் தெரியாத மனிதர் இல்லை, அதுதான் உண்மையான காரணம். பாண் கடை, வலை பின்னுகிற கொட்டில், பள்ளிவாசல் வாசல் என்று நின்று நின்று சலாம் சொல்வீர்கள். உங்கள் கார் வேகம் குறைந்தாலே ஆட்கள் வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கதைக்கப் பழகிவிட்டார்கள்.

மையவாடியைத் தாண்டும்போது மட்டும் மழை கொட்டினாலும் கண்ணாடியை முழுக்க இறக்குவீர்கள். உள்ளே அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவீர்கள். மடி நனைந்து உம்மா சத்தம் போடுவார். "கபுறுல இரிக்கிறவங்களுக்குக் கண்ணாடி ஒரு தடையா வாப்பா?" என்று நானும் ஒருமுறை கேட்டேன். "ஏத்திக்கிட்டுச் சொன்னா சலாம் காருக்குள்ளேயே சுத்திக்கிட்டு இரிக்கும் மகள். எறங்கிப் போகாது" என்றீர்கள். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 

இனி உம்மாவின் கதைக்கு வருகிறேன்.

உம்மா உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறார். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து வெளி ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையோடு இருக்கிறார். தொழுகிறார், ஓதுகிறார், கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை கண். சீனி வருத்தத்தால் வலது கண் மங்கிப்போனது உங்களுக்குத் தெரியும். இப்போது இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. சிலாபத்துக் கண் கிளினிக்கில் ஊசி போட நாள் தந்திருந்தார்கள். அந்த நாள் வந்தது, உம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. நான் மட்டும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால் நின்றேன். "போன பார்வையத் திருப்பித் தர எங்களுக்கு ஏலாது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் ஏலும். அடுத்த முறை கட்டாயம் கூட்டிவாங்க" என்றார்.

மௌலவியிடம் கேட்டோம். மருந்துக்குப் போவதில் குற்றமே இல்லை, தாராளமாகப் போகலாம் என்றார். வந்து உம்மாவிடம் சொன்னேன்.

"அவர் சொல்லுவார். ரோட்டுல தலய உட்டுப் பாக்கிறவங்களை யாரு தடுக்கிற?" என்றார் உம்மா.

"யாரும் பாக்க மாட்டாங்க உம்மா."

"இது ஒங்க வாப்பாட கார் புள்ள. பாக்காம இரிப்பாங்களா? கிட்ட வருவாங்க. அவர் இரிக்கிற எடத்துல ஒன்னக் காணுவாங்க. அவங்கட மொகம் மாறும். அத நான் பாக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது இத்தா மட்டும் இல்லை வாப்பா. வாடகைக் கார் பிடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, அந்நிய ஆண் ஓட்டுகிற வண்டியில் இப்போது ஏறமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு உம்மாவே ஒரு வழி சொன்னார்.

"வெளியால நிண்டு பாத்தா நான் தெரியப்படாது. ஆனா எனக்கு வெளிய தெரியணும். இரிக்கிற அரக் கண்ணயும் இருட்டுக்குள்ள போட்டுடாத."

டின்ட் அடிக்க எனக்குக் கிடைத்த கட்டளை அவ்வளவுதான். அதைவிடச் சரியாக எந்தக் கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

பாலாவிச் சந்திக்குக் கிட்ட உடப்பைச் சேர்ந்த குமார் என்ற தம்பி டின்ட் அடிக்கிறார். கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்தார்.

"என்னக்கா, கருவாடு ஏத்துற வண்டியா?"

"எங்கட வாப்பாட கார் தம்பி. அவர் இப்ப இல்ல. வாசம்தான் இரிக்கி."

மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.  அந்த மரியாதைக்காகவே வேறு கடை பார்க்காமல் சாவியைக் கொடுத்தேன்.

ஆனால் மரியாதை வேறு, வேலை வேறு. நாள் முழுக்கக் கார்மென்டில் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பிழை பிடிக்கிறவள் நான். பிழை கண்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் தொழில். "ஒன்னக் கட்டிக்கிறவன் முதுகிலயும் ஒண்டு ஒட்டுவாய்" என்று பகிடி பண்ணுவீர்களே. உங்கள் மருமகனை இன்னும் காணவில்லை, அது வேறு விசயம்.

குமார் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாசல் கதவை மூடினார். அது எனக்குப் பிடித்தது. ஒட்டுகிற வேலைக்குத் தூசிதான் எதிரி. மலிவுப் பேப்பர் ஒன்றைக் காட்டி, வெயில் பட்டுப் பட்டு ஊதா நிறமாகிவிடும், அதை ஒட்டாதீர்கள் என்றார். முன்கண்ணாடியில் கை வைக்கவில்லை. முன்கதவுகளுக்கு மெல்லிய பேப்பர், பின்னால் மட்டும் கறுப்பு. அதற்குமேல் இருட்டாக்கினால் பொலிஸ் மறிக்கும் என்றார். உம்மா இருக்கப்போவது பின்னால்தானே.

முடிந்ததும் நான் தொடங்கினேன். முதலில் தூரத்தில் நின்று நான்கு கதவையும் ஒன்றாகப் பார்த்தேன், நிறம் ஒரே சீராக இருக்கிறதா என்று. பிறகு கிட்டப் போய் ஓரங்கள். கத்தி பிடித்த கை நடுங்கியிருந்தால் ஓரத்தில் தெரிந்துவிடும். தையல் கோணினால் தெரிவதுபோல்தான். ஓரங்கள் நேராக இருந்தன. பின்கண்ணாடி வளைவில் ஒரு மடிப்புக்கூட இல்லை. உள்ளே ஏறி இருந்து வெளியே பார்த்தேன். சந்தியின் கடைப் பலகையில் எழுத்து நெளியாமல், மங்காமல் தெரிந்தது. அங்கங்கே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் இருந்தன. அவை சில நாளில் காய்ந்துவிடும், அதற்குக் குற்றம் சொல்லக்கூடாது என்றார் குமார். சரி என்று விட்டேன்.

ஆனால் வலது பின்கதவில் ஒன்று இருந்தது. விரலால் தடவினேன். கொப்புளத்துக்குள் ஒரு பொட்டு. அது தண்ணீர் இல்லை, தூசி. அது காயாது.

"தம்பி, இது கழட்டி ஒட்ட வேணும்."

"அக்கா, இது காத்துல வர்ற உப்புத் தூசி. இதுவும் வேண்டாம்னா கடலத்தான் மூடணும்."

"கடல நீங்க மூட வேணாம். இந்தக் கதவ மட்டும் பாருங்க."

சிரித்துக்கொண்டே கிழித்துப் புதிதாக ஒட்டினார். போகும்போது நான்கு கண்ணாடிப் பட்டனுக்கும் மேலே டேப் ஒட்டிவிட்டார். "நாளைக்கே தூரப் பயணம்ங்கிறீங்க. பிசின் காயல. இறக்கினீங்கன்னா மூலை சுருண்டுரும். பொறகு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"எங்கட கார்ல யாரும் எறக்க மாட்டாங்க" என்றேன். சொன்ன வாய்க்கே சிரிப்பு வந்தது, யாருடைய காரைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து.

வீட்டு வளவுக்குள் காரை விட்டுக் கேற்றை மூடினேன். உம்மாவை ஏற்றிப் பின்சீட்டில் இருத்திக் கதவைச் சாத்தினேன். சுற்றி வந்து பார்த்தேன். என் முகமும் தென்னை மரங்களும்தான் கண்ணாடியில் தெரிந்தன.

"நான் தெரியிறனா?" உள்ளிருந்து கேட்டார்.

"இல்ல உம்மா."

"வடிவாப் பாரு."

"தெரியல்ல உம்மா."

வேலை சுத்தம். சந்தோசப்பட வேண்டும். ஆனால் வாப்பா, உங்களையும் காணவில்லை, இப்போது இவரையும் காணவில்லையே என்று தோன்றிவிட்டது. அங்கேயே நின்று அழுதேன். கண்ணாடிக்கு வெளியேதானே நிற்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

"உங்களுக்கு வெளிய தெரியுதா உம்மா?" என்று குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்.

"முருங்க மரம் தெரியிது. கோழி தெரியிது. நீ அழுறதும் தெரியிது. சரி, நாளைக்குப் போவம்."

மறுநாள் காலை புறப்பட்டோம். வலை பின்னுகிற கொட்டிலில் இருந்தவர்கள் வழக்கம்போல் எழும்பி வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கண்டதும் தயங்கினார்கள். பிறகு ஒருவர் காரைப் பார்த்தே சலாம் சொல்லிக் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். யார் உள்ளே என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் காருக்குத்தான் சொன்னார்கள். பின்னாலிருந்து உம்மா ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள்ளே பதில் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

மையவாடியின் குட்டைச் சுவர் தொடங்கும் இடத்தில், "மெதுவாப் போ" என்றார்.

மெதுவாக்கினேன்.

"எது அவர்ர?"

"வேப்ப மரத்துக்கு அங்கால உம்மா. கபுறுட தலமாட்டுல புது மீசான் கட்டை நட்டிரிக்கி." நம் ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை; நானும் ரோட்டிலிருந்து பார்த்ததுதான். உங்கள் கபுறை உம்மா அதுவரை கண்டதில்லை.

கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். கோழி தெரிந்த கண்ணாடியில் அது தெரியவில்லை. பிழை பேப்பரில் இல்லை. அரைக் கண்ணுக்கு அது தூரம், இடையில் நிழலும் விழுந்திருந்தது. நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அப்போது பின்னால் 'சர்'ரென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டனில் இருந்த டேப்பை உம்மா உரித்துக்கொண்டிருந்தார்.

பின்கண்ணாடிகளைப் பூட்டுகிற பட்டன் என் பக்கத்தில்தான் இருக்கிறது. கை அதுவரை போனது. திருப்பி எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி முழுக்க இறங்கியது. கடல் காற்று உள்ளே வந்தது. அந்த இடத்தில் ரோட்டில் ஆளில்லை. இருந்திருந்தாலும் உம்மா நிறுத்தியிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சலாம் சொன்னார். பிறகு அடுத்த அறையில் இருக்கிற உங்களிடம் சொல்வதுபோல, "கண் காட்டப் போறன். மகள்தான் ஓட்டுறா. போய்ட்டு வாறன்" என்றார்.

எங்கே போனாலும் உங்களிடம் சொல்லாமல் அவர் படி இறங்கியதில்லையே. சொல்லாமல் எப்படிப் போவது என்றுதான் இத்தனை நாளும் கட்டிலை விட்டு எழும்பாமல் இருந்தாரா? கேட்டாலும் சொல்லமாட்டார்.

ஏற்றும்போது பேப்பரின் மேல்மூலை சுருண்டு, ரப்பரில் மாட்டி, ஒரு விரல் நகம் அளவுக்குக் கிழிந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு பிழை உண்டாவதைப் பார்த்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஊசி போட்டார்கள். உம்மா என் கையை நெரித்ததில் இன்னும் வலிக்கிறது. கண் தாங்கும், ஆனால் நாள் தவறாமல் வரவேண்டும் என்று டொக்டர் சொன்னார். "வருவன்" என்று உம்மா என்னை முந்திக்கொண்டு சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பும் வழியில் பாலாவியில் நிறுத்தினேன். குமார் மூலையைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "யாரும் எறக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா! ஒரு நாள்கூட ஆகல. கொண்டாங்க, புதுசா ஒட்டித் தாறேன்." வேண்டாம் தம்பி, உங்கள் வேலையில் பிழை இல்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். ஒரு பொட்டுத் தூசிக்குக் கதவையே உரிக்கச் சொன்னவளா இது என்று என்னைப் பார்த்தார். நான் காரை எடுத்தேன்.

டின்ட் எப்படி என்று இப்போது யாராவது கேட்டால், முதல்தரம் என்றுதான் சொல்வேன். வெளியே நின்றால் உம்மா தெரியமாட்டார். உள்ளே இருந்தால் உம்மாவுக்கு உலகம் தெரியும். இடது பின்கதவின் மேல்மூலையில் ஒரு நகம் அளவு குறை. அதற்கு நான் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

வாக்குத் தருகிறேன் வாப்பா. உம்மாவின் ஒரு கிளினிக் நாளும் இனித் தவறாது. போகும்போதெல்லாம் வேப்ப மரத்துக்கு நேரே கார் மெதுவாகும், இடது பின்கண்ணாடி இறங்கும். மூலை இன்னும் கொஞ்சம் கிழியும், கிழியட்டும். அவருடைய சலாம் காருக்குள்ளே சுற்றிக்கொண்டிருக்க நான் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் இடத்தில் இருந்து கார் ஓட்டும்
உங்கள் மகள் ஸரீனா