மிளகாய் அரைத்த மில்

12.6.1998, வெள்ளி இரவு

கழுத்து இன்னும் எரிகிறது. எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை.

பிரேசர் டவுன் ஸ்டெல்லா அக்கா வீட்டிலேயே செய்து விற்கும் குளியல் பொடி. பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, அவ்வளவுதான். சோப்பை விட்டுவிட்டு இதைத்தான் தேய்த்துக் குளிக்கிறேன். ஆபீஸ் முழுக்க நான்தான் அதற்கு விளம்பரம். இன்று வந்த புதுப் பொடியில் ஒரு பாக்கெட்டைக் கவிதா தன் அக்கா குழந்தைக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"பச்சக் கொழந்தைக்குப் போடலாமா?" என்று கேட்டாள்.

"கெமிக்கலே இல்லப்பா, தைரியமா போடு" என்றேன்.

சாயங்காலம் குளித்ததும் எரிச்சல் தாங்காமல் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம மில்லுல கரண்ட் இல்லம்மா. சிவாஜிநகர்ல குடுத்து அரைச்சேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் மொளகா அரைச்சிட்டுப் போனார். மிஷின தொடச்சாச்சுன்னு சொன்னாங்களே..."

கவிதா இந்நேரம் சேலம் ரயிலில் இருப்பாள். அவள் ஊர்ப் போன் நம்பர் ஆபீஸில் ஒருவரிடமும் இல்லை. விடிந்ததும் குழந்தையைத் தானே குளிப்பாட்டப் போவதாக ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் தன் கையில் தேய்த்துப் பார்ப்பாளா? மாட்டாள். நான்தான் தைரியம் கொடுத்து அனுப்பியிருக்கிறேனே.

அந்தக் குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. அழும். குளிப்பாட்டினால் எந்தக் குழந்தைதான் அழாது என்று அவள் இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள்.