கருவாட்டுத் தூள் தின்ற கோழிகள்

கர்க்கடகம் 9, வியாழன்.

சாலைக் கடையில் வாங்கிய கருவாட்டுத் தூளைத் தவிட்டோடு கலந்து போட்டதிலிருந்து எங்கள் கோழிகள் முன்னைவிட அதிகமாக முட்டை இடுகின்றன. என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். ஆனால் முட்டையை உடைத்தால் அழுகிய மீன் நாற்றம். இன்று வாடிக்கை வீடுகளெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டன.

"ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திரலாம். சீக்காளிக்கு மணம் தெரியவா போகுது?" என்றார்.

அதில் ஒன்றைப் பொரித்து அவர் முன்னால் வைத்தேன். "முதல்ல நீங்க தின்னுங்க."

ஒரு வாய் தின்றவர் முற்றத்துக்கு ஓடித் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "நல்லமிளகு கூடப் போட்டா தெரியாது, கேட்டியா" என்றார்.

கூடையைத் தூக்கிப்போய் எல்லாவற்றையும் தென்னை மூட்டில் வேர்மேல் உடைத்துக் கொட்டினேன்.

அவர் தூங்கிவிட்டார். அவர் பக்கத்தில் போய்ப் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை.