உள் பாக்கெட்டில் ஒரு மாத்திரை

அண்ணே,

இன்று காலை கடை திறந்ததும் ஒருவர், "உள் பாக்கெட் வச்ச சட்டை இருக்குதா பாய்?" என்று கேட்டார். எடுக்கப்போன கை அப்படியே நின்றுவிட்டது. மாத்திரை வைக்க வேண்டுமென்று அந்தச் சட்டையையே கேட்டு வாங்கியவர் நீங்கள்.

நம் இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. மாதம் ஒருநாள் நீங்கள் ரிஷிவந்தியத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் சேர்ந்தே உட்காருவோம். எனக்கு அளவு சரியாக இருக்கும். உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கும்; டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அதைப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்த் தலைசுற்றி விழுவீர்கள். மோட்டார் கொட்டகைப் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டபோது, "இன்னொரு தபா விழுந்தா கெணத்துலதான் பாய்," என்று அண்ணி என் கடையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு நேரே கடைக்கு வந்தீர்கள். நான் வாங்கிவைத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, உள் பாக்கெட்டிலிருந்து காலை மாத்திரையை எடுத்தீர்கள்.

"இன்னாண்ணே, இன்னும் போடலியா?"

"டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி போட்டா நோவு மறஞ்சிக்காதா பாய்? உள்ளத உள்ளபடி காட்டணும்ல."

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. மாத்திரை போடாத உடம்பைப் பார்த்து, மாத்திரை போதவில்லை என்று அவர் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்! உங்களை இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். டாக்டர் திட்டவில்லை. "மாத்திரை போட்ட பிறகு எவ்ளோன்னுதாங்க நான் பாக்கணும்," என்றார். நாலு நாள் கழித்து மாத்திரை போட்டுக்கொண்டு வரச்சொல்லிப் பார்த்து, மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கினார். அப்புறம் நீங்கள் விழவே இல்லை.

அதைச் சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் உங்களைக் கேலி செய்தேன். என் கதையை மட்டும் சொல்லவில்லை. செக்கப்புக்கு நாலு நாள் முன்பே கருவாடு, ஊறுகாய் என்று உப்புள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். செக்கப் முடிந்த அன்று மதியமே மறுபடி ஆரம்பித்துவிடுவேன். "பாய்க்கு மட்டும் எப்படித்தான் கரெக்டா கீதோ," என்று நீங்கள் ஆச்சரியப்படும்போது எனக்கு அவ்வளவு பெருமை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாசியில் மூப்பில் போய்விட்டீர்கள். இனி நல்ல பெயர் வாங்கி யாரிடம் காட்ட? இன்று எனக்குச் செக்கப் நாள்; இந்த முறை நான் எதையும் நிறுத்தவில்லை. வந்தவருக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டேன். எப்போதும்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரிடம் கருவாட்டுக் கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

"இத்தினி வருஷமாவா பாய்?" என்றார்.

அளவு ஏறித்தான் இருந்தது, அண்ணே. உள்ளது உள்ளபடி. டாக்டர் எழுதிய புது மருந்துச் சீட்டை மடித்து உள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.