சொன்னால், தொட்டால், தானே

என் செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், அதாவது போன கடிதத்தில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா, வேலைக்கு இன்னும் ரயிலில் நின்றுகொண்டேதான் போகிறாயா, ஒன்றும் நீ எழுதவில்லை. பிரசவத்துக்கு நீ வர வேண்டாம்மா, அப்பாவைப் பார்த்துக்கோ என்று மட்டும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். பாத்திரத்தை ஏன் இப்படிப் போட்டு உருட்டுறே என்று அப்பா ஹாலில் இருந்து சத்தம் போட்டார்.

வலது கையும் காலும் பக்கவாதத்தில் விழுந்து, இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிற மனிதரை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது, அதனால் வரவில்லை என்றே எழுத இருந்தேன். அப்பாதான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒரு தெரபிஸ்ட்டை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். நான் தனியா இருப்பேனா மாட்டேனான்னு அவங்க சொல்லட்டும், நீ சொல்லாதே என்றார்.

வந்தது உன் வயதுப் பெண். குளியலறை வாசற்படியின் உயரம், கட்டிலின் உயரம் எல்லாம் பார்த்துவிட்டு முதலில் என்னைத்தான் பிடித்தாள். நீங்க உக்காந்துக்கங்கம்மா, கையை மடியில வச்சுக்கங்க, வாயையும் மூடிக்கங்க என்றாள். அவரிடம் எதையும் முடியுமா என்று கேட்கவில்லை. எழுந்து நாற்காலிக்கு வாங்க, பல் தேய்ங்க, சட்டையை மாட்டுங்க என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். தானே செய்கிறாரா, சொன்னால் செய்கிறாரா, ஒரு கை தொட்டுப் பிடித்தால்தான் செய்கிறாரா, அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். கை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பதைவிட, பொழுது விடிந்தால் அந்தக் கையால் என்ன காரியம் நடக்கிறது என்பதுதான் முக்கியமாம்.

சட்டையில் நான் மாட்டிக்கொண்டேன். அவர் சட்டைகளில் எல்லாம் பொத்தானைப் பிரித்துவிட்டு, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற ஒட்டுப்பட்டை தைத்து வைத்திருந்தேன், தையல்காரி ஒருத்தி வீட்டில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்து, ரொம்ப நேர்த்தியா தச்சிருக்கீங்க, ஆனா திரும்பப் பொத்தானே வச்சிடுங்க, அவர் விரலுக்கும் வேலை வேணும்ல என்றாள். பழைய சட்டை ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். ஒரு பொத்தானுக்கு அவர் பட்ட பாட்டைச் சும்மா உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகவில்லை, எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். போட்டு முடித்துவிட்டார் பாப்பா. ஒரு பொத்தான் மட்டும் ஓட்டை மாறிப் போயிருந்தது.

அடுத்து டீ போடச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கின மனுஷர், கல்யாணம் ஆனதில் இருந்து அடுப்புப் பக்கம் போனதில்லை. இதுக்கு முன்னாடி செய்வாரா என்று கேட்டாள், இல்லை என்றேன். துணி துவைப்பாரா, இல்லை. பனியன் எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியுமா, அதுவும் இல்லை. அப்ப இதெல்லாம் பக்கவாதத்தால போனது இல்லையே என்றாள். இது அதுக்கு முந்தின வியாதிம்மா, இதுக்கு மருந்தே கிடையாது என்றேன். உன் அப்பாவும் சிரித்தார். ஆனாலும் அவள் வாயால் சொல்லச் சொல்ல, இடது கையால் தண்ணீர் பிடித்து, வலது கையால் டம்ளரை அணைத்துக்கொண்டு, ஒரு டீ போட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பகல்ல தனியா இருக்கலாம், குளியலறைல ஒரு கைப்பிடி வைங்க, குளிக்கும்போது மட்டும் பக்கத்துல ஆள் வேணும் என்று முடித்தாள். காலையில் வந்து பார்த்துக்கொள்கிறேன், ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று சித்தப்பாவும் முன்பே சொல்லியிருந்தார். எல்லாம் கூடி வந்த பிறகும் நான், இல்லம்மா, இவரால முடியாது, நான் போகலை என்றேன். உடனே உன் அப்பா அந்தக் குழறுகிற நாக்கோடு, இவளையும் கொஞ்சம் பாருங்கம்மா, தனியா பஸ் ஏறுவாளான்னு கேளுங்க, பேங்குக்குப் போவாளான்னு கேளுங்க என்றார். அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கே போனாலும் அவர் ஓட்டுகிற பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள் நான், இறங்குகிற இடத்தையும் அவர்தான் சொல்வார். விமானம் ஏறப் பயந்துகொண்டு, அவருடைய விழுந்த கையைக் காரணம் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, டிக்கெட் எடுக்க ஒண்டியாகக் கிளம்பினேன். ஏறினது எதிர்த்திசை பஸ். டிரைவர் பெண்டாட்டிக்கு இந்தக் கதி. டிப்போ வரைக்கும் போய் இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு, திரும்ப ஏறிப் போய் வாங்கிவிட்டேன். ஜன்னல் பக்கமா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்தால் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று நானும் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்று அவரும் கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் எல்லாம் அதனதன் ஓட்டையில் இருந்தது.

அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். அதுவரை காலைத் தூக்கி வைத்து உட்கார், உப்பைக் குறை, ரயிலில் வெட்கப்படாமல் இடம் கேள். நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீ நூறு வயசு இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே. என்னை அழைத்து வர விமான நிலையத்துக்குள்ளே யாரையும் அனுப்பாதே, போனில் வழி சொல்லிக்கொண்டும் இருக்காதே. நீ வாசலில் நின்றால் போதும், நானே வெளியே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா