முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்

94 தை (ஜனவரி) 3, திங்கள்

பனி. ஏழு மணியாகியும் வாழைத் தோட்டத்தின் அந்தக் கரை தெரியவில்லை. இரண்டு குலைக்கு முண்டு கொடுத்தேன். ஒரு முண்டு உக்கல். மாற்ற வேண்டும்.

இது ரீச்சர் தந்த கொப்பி. முதியோர் வகுப்பு முடிந்த நாள் தந்தவ. "அப்பு, ஒவ்வொரு நாளும் நாலு வரி எழுதுங்கோ. இல்லாட்டி மறந்துபோம்." எழுபத்தொரு வயதில் படித்தது. மறக்க விடுவேனா. ஒரு பக்கம் எழுத ஒரு மணித்தியாலம் செல்கிறது. செல்லட்டும். ஒருவரைப் பற்றி மனதில் உள்ளதை எழுதலாம், அவர் பக்கத்தில் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பெயர்களை முழுதாக எழுதக் கை நோகிறது. பா. = பாக்கியம், என் மனைவி. த. = தம்பையா, மச்சான், என் தங்கை அன்னத்தின் புருசன். அன்னத்தின் பெயரைச் சுருக்கவில்லை.

விளையாட்டுப் பிளேன் ஒட்டுகிற வேலை. மொத்தம் 46 துண்டு. பிளாஸ்ரிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒட்ட வேண்டும்.
உடம்பு இரண்டு பாதியும் ஒட்டியாயிற்று.
செட்டை இரண்டும் பூட்டியாயிற்று.
மிச்சம்: சில்லு, காற்றாடி, கண்ணாடி, 31, 32.

மகன் நேசன் சுவிசிலிருந்து அனுப்பியது. அங்கே அகதி முகாமில் வேலை செய்ய விடமாட்டார்களாம். இருந்திருந்து இதைத்தான் ஒட்டுகிறானாம். ஒரே பிளேன் இரண்டு வாங்கி ஒன்றை எனக்கு அனுப்பினான். "அப்பு, நீங்கள் அங்கை ஒட்டுங்கோ, நான் இஞ்சை ஒட்டுறன். பொங்கலுக்கு ரெண்டுபேரும் முடிப்பம்." அந்தக் கடிதத்தை அப்போது த.தான் வாசித்துக் காட்டினான். இப்போது நானே வாசிக்கிறேன். பதினொரு தரம்.

ரீச்சர் 16ஆம் திகதி கொழும்புக்குப் போகிறா. பிளேன் முடிந்தது என்று என் கையால் எழுதி அவவிடம் கொடுத்துவிட வேண்டும். நான் எழுதப் படித்தது நேசனுக்குத் தெரியாது. அதற்காகவே முடிக்க வேண்டும். முடியாததை முடிந்தது என்று முதல் கடிதத்தில் எழுத மாட்டேன்.

94 தை 4, செவ்வாய்

31 இல்லை.

நேற்று சுளகில் கிடந்தது. துண்டுகளைச் சுளகில்தான் பரப்பி வைப்பேன்.

"இஞ்சை, சுளகை எடுத்தனீரோ?"

"அரிசி புடைக்க எடுத்தனான். பிறகென்ன, உங்கடை பிளேனைப் புடைக்கிறதோ?"

"அதிலை முப்பத்தொண்டு கிடந்தது."

"ஒண்டும் கிடக்கேல்லை. எல்லாத்தையும் கோப்பையிலை கொட்டி வைச்சனான். கிடந்திருந்தால் சோத்துக்கை கடிபடும்."

மத்தியானம் சோற்றை மெதுவாகத் தின்றேன். கடிபடவில்லை.

சந்தேகம்:
பா. – சுளகு.
காகம் – மினுங்குகிற சாமானைத்தான் எடுக்கும். 31 மினுங்காது.
கராச் ராசு – தின்னர் கொண்டுவந்து தந்தவன். காசு வாங்கவில்லை. சும்மா தருகிறவனில் ஒரு கண் வேண்டும்.
த. – இல்லை. பின்னேரம் முழுக்க என்னோடுதான் இருந்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

கொப்பி இனி நெல்லு மூட்டைக்குள்.

94 தை 6, வியாழன்

பசை நல்லாய் வந்தது. பெட்டியோடு வந்த பசையையும் நிறங்களையும் செக்பொயின்றில் எடுத்துவிட்டார்கள். ராசுவின் தின்னரை இருமல் மருந்துப் போத்தலில் விட்டு, சட்டத்தின் கழிவுத் துண்டுகளை அதற்குள் போட்டு வைத்தால் மூன்று நாளில் கூழாகும். அதுவே பசை. ஓட்டை அடைக்கவும் அதுவே. நானே கண்டுபிடித்தது. ராசு தானே கண்டுபிடித்ததாகச் சொல்லித் திரிகிறானாம்.

தூரிகை: சவரப் பிரஸ்சில் பத்து மயிர், ஈர்க்கில் கட்டியது.

நிறம் பூசுவது த. அவனுக்குக் கை நடுங்காது. கோயில் கேற்றுக்குப் பூசின வெள்ளையும், யாரோ வீட்டு ஜன்னல் நீலமும், விளக்குக் கரியும். மூன்றையும் சிரட்டையில் விட்டுக் குழைக்கிறான். பூசிப் பார்க்கிறான். வெயிலில் பிடிக்கிறான். துடைக்கிறான். திரும்பக் குழைக்கிறான். இரண்டு நாளாய் இதே வேலை. அதுவும் அடிப்பக்கம் மட்டும்.

"மச்சான், மேல் பக்கத்தையும் பூசன். ஆக்கள் மேல் பக்கத்தைத்தானே பாப்பினம்."

"ஆர் மேலை நிண்டு பாக்கிறது?"

கடைசியில் ஒரு நிறம் வந்தது. மழை பெய்து முடிந்த மேகத்தின் நிறம். "உதுதான்," என்றான்.

எது? எதைப் பார்த்து "உதுதான்"? பெட்டியின் படம் போட்ட மூடியை நாங்கள் ஒருவரும் காணவில்லை. கொண்டுவந்த ஆள் ஆமிக்குப் பயந்து வழியில் எறிந்துவிட்டு, துண்டுகளை மட்டும் பால்மாப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன். நம்பர் போட்ட ஒரு தாள் மட்டும் மிச்சம். ஆக்கள் போகிற பிளேன் என்று நான் சொல்கிறேன். நேசன் ஒரு நாள் இப்படி ஒன்றில்தான் வந்து பலாலியில் இறங்குவான். த. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூடி இவனிடம் இருக்கிறதோ.

94 தை 8, சனி

ஒரு சூழ்ச்சி செய்தேன். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

32ஐச் சுளகில் தனியாக வைத்து, சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம். வெற்றிலைக்கு எடுத்த சுண்ணாம்பு. கண்டுகொள்ள முடியாத அளவு மெல்லிய கோடு. கை வைத்தால் அழியும்.

பா. இன்று சுளகைத் தொட மாட்டா. மாமரத்தடியில் வேறு சுளகு. ராசு வரவில்லை. காகத்துக்குப் பூனை காவல்.

பின்னேரம் த. வந்தான். காற்றாடி இரண்டும் பூட்டினோம். ஊதினால் சுற்றுகிறது. இரண்டு பேரும் மாறி மாறி ஊதினோம். பா. பார்த்துவிட்டு, "ரெண்டு கிழடுகளும் அடுப்பை வந்து ஊதுங்கோவன்," என்றா.

பிறகு த. கேட்டான். "உந்த முப்பத்திரண்டு என்னத்துக்கு?"

"செட்டைக்குக் கீழை பூட்டுறது. தாளிலை கிடக்கு. பெற்றோல் ராங்க் ஆக்கும். ஒண்டு துலைஞ்சுபோச்சு. துலைஞ்சதுக்கு முண்டுத் தடியிலை ஒண்டு செதுக்கலாம் எண்டு பாக்கிறன்."

த. சுளகைப் பார்த்தான். தேத்தண்ணி பாதியில் இருந்தது. குடிக்காமல் எழும்பிப் போனான்.

94 தை 9, ஞாயிறு

32 இல்லை. வட்டம் தென்னைப் பக்கமாக அழிந்து கிடக்கிறது. த. இருக்கிற பக்கம்.

த. கள்ளன்.

எழுதிப் பார்த்தேன். இரண்டே சொல்தான். முழு வரி போல் இருக்கிறது.

ஏன் எடுத்தான்? நேசன் எனக்கு அனுப்பினான், அவனுக்கு அனுப்பவில்லை. அவனுக்குப் பிள்ளை இல்லை. ஐம்பது வருசம் கடிதம் வாசித்துக் காட்டினவன், இப்போது நான் கேட்பதில்லை. அந்த எரிச்சலாக இருக்கலாம். பிளேன் முடியாவிட்டால் கடிதமும் இல்லை. கணக்குச் சரியாக வருகிறது.

பா.வுக்குச் சொல்லவில்லை. அவவுக்கு த. என்றால் தேவாரம்.

94 தை 10, திங்கள்

த. வந்தான். "மச்சான்" என்று கூப்பிடவில்லை. "வாரும்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கக் கொடுத்தது பாதித் துண்டு. மற்றப் பாதியை நான் அவன் முன்னாலேயே வாயில் போட்டேன்.

கண்ணாடி பூட்டினோம். நான் தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போனேன். பா. நெல்லு எடுக்க அவனைக் கூப்பிட்டது கேட்டது. திரும்பி வர அவன் இல்லை. சொல்லாமல் போய்விட்டான். சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான்.

இன்னும் ஆறு நாள்.

94 தை 12, புதன்

த. வரவில்லை. நேற்றும் இல்லை.

பத்து மணிக்குப் பிளேன். பங்கருக்குள் இறங்கினோம். நான் எப்போதும் குப்புறத்தான் கிடப்பேன். முகம் மண்ணில், இரண்டு கையும் காதில். பா. கந்த சஷ்டி சொல்லுவா. இன்று குண்டு விழவில்லை. சும்மா சுற்றிவிட்டுப் போனது.

போன மாசியில் அன்னம் பங்கருக்கு வரவில்லை. ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்றவள்.

வேறு எழுத வரவில்லை. முண்டு மாற்றினேன்.

94 தை 14, வெள்ளி

பொங்கல். வெயில். நல்ல வெயில்.

அன்னத்தின் ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை. த. வீட்டில் பொங்கல் இல்லை. பா. வாழையிலையில் கட்டித் தந்தா.

"கொண்டுபோய்க் குடுங்கோ. மனிசன் நாலு நாளா இந்தப் பக்கம் இல்லை. என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

உண்மை. சொல்லவில்லை. எழுதினேன்.

த. வீட்டில் ஆளில்லை. கிணற்றடியில் தண்ணி சத்தம். நல்ல சமயம். தலையணைக்குக் கீழே பார்த்தேன். வெற்றிலைத் தட்டம். அரிசிப் பானை. பிறகு தையல் மெசின் லாச்சி. அன்னத்தின் நூல்கள், ஊசிகள், தைத்து முடிக்காத ஒரு சட்டைக் கை. என் கையை எடுத்துவிட்டேன்.

"என்ன தேடுறாய் மச்சான்?"

வாசலில் ஈரத் துவாயோடு.

"வெத்திலை."

"மடியிலை வெத்திலையை வைச்சுக்கொண்டோ?"

பொங்கலைக் கொடுத்தேன். வாங்கி வைத்தான்.

"முப்பத்தொண்டும் முப்பத்திரண்டும் உதுக்கை இல்லை. கிணத்துக்கை போட்டிட்டன்."

"நான் கேக்கேல்லையே."

"கொப்பியிலை எழுதியிருக்கிறாய். மச்சாள் நெல்லு எடுக்க ஆரைக் கூப்பிடுறவ? என்னைத்தானே. மூட்டைக்குள்ளை கையை விட்டால் உன்ரை கொப்பி." பிறகு, "எழுத்து வடிவாய்க் கிடக்கு. நான் நினைக்கேல்லை," என்றான்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"உது என்னெண்டு உண்மையாய் உனக்குத் தெரியாதோ?"

"பெற்றோல் ராங்க்."

"அண்டைக்கு நீ பங்கருக்கை குப்புறக் கிடந்தனி. நான் வாழைக்கை நிண்டனான். அவள் ஆட்டைக் கூப்பிடுற சத்தம் கேட்டது. நான் மேலை பாத்துக்கொண்டு நிண்டனான். வரேக்கை செட்டைக்குக் கீழை ரெண்டு. திரும்பிப் போகேக்கை ஒண்டுமில்லை."

துவாயைக் கொடியில் போட்டான். எடுத்தான். திரும்பப் போட்டான்.

"பிறகேன் அடிப்பக்கத்தை உவ்வளவு மினக்கெட்டுப் பூசினனி?"

"எனக்குத் தெரிஞ்ச பக்கம் அது ஒண்டுதான். பிழையாய்ப் பூச மனம் வரேல்லை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? நீ ஆக்கள் போற பிளேன் எண்டாய். மோன் அதிலை வருவான் எண்டாய். ஊதி ஊதிச் சிரிச்சாய்." பொங்கல் கட்டை அவிழ்த்துக்கொண்டு, "ரெண்டையும் எடுத்திட்டால் அது ஆக்கள் போற பிளேன்தானே மச்சான்," என்றான்.

பொங்கலை இரண்டாகப் பிரித்தோம். தம்பையா பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.

94 தை 15, சனி

பெயரை இனிச் சுருக்குவதில்லை. கை நொந்தால் நோகட்டும்.

9ஆம் திகதிப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். கிழித்தால் பின்பக்கத்தில் நல்ல நாள் ஒன்று சேர்ந்து போகும். பேனையால் வெட்டினேன். வெட்டியும் தெரிகிறது. தம்பையா பார்த்துவிட்டு, "விடு, எழுதினது எழுதினதுதான்," என்றான். சிரித்தானா இல்லையா என்று இன்னும் சந்தேகம்.

செட்டைக்குக் கீழே நாலு ஓட்டை, ஒரு பக்கம் இரண்டு. 31உம் 32உம் பூட்டுகிற இடம். கூழ்ப் பசை வைத்து அடைத்தேன். காய்ந்த பிறகு தேய்த்தேன். தம்பையா அதே நிறம் பூசினான். விரலால் தடவினாலும் தெரியாது.

சில்லு பூட்டியாயிற்று. மேல் பக்கம் பூசவில்லை.

"என்ன நிறம் மச்சான்?"

"ஆருக்குத் தெரியும்."

பிளாஸ்ரிக் நிறத்திலேயே விட்டோம். அலுமாரிக்கு மேல் வைத்தாயிற்று. 44 துண்டு. முடிந்தது.

முடிந்ததா? நேசன் அங்கே 46உம் ஒட்டியிருப்பான். அவனிடம் மூடி இருக்கிறது, படம் இருக்கிறது, என்னவென்று தெரிந்துதான் ஒட்டுகிறானா, தெரியாமல் ஒட்டுகிறானா? அவனும் அன்னம் மாமியின் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். மகன் மேலேயே சந்தேகம் வருகிறது. இப்படி ஒரு வாரம்.

94 தை 16, ஞாயிறு

பனி. ரீச்சர் ஆறரைக்கே சைக்கிளில் வந்துவிட்டா. படலைக்கு வெளியே நின்று என் கடிதத்தை வாசித்தா. கவரை ஒட்ட வேண்டாமாம், எப்படியும் வழியில் பிரிப்பார்களாம்.

"அப்பு, என்ன இது? முப்பத்தொண்டு, முப்பத்திரண்டு ஒட்டாதை. நம்பர் எல்லாம் எழுதினால் செக்பொயின்றிலை என்னை இறக்கிப்போடுவாங்கள். என்ன ரகசியம் எண்டு கேப்பாங்கள்."

"பிளேனின்ரை துண்டு பிள்ளை."

"ஐயோ, பிளேன் எண்ட சொல்லே வேண்டாம்."

நாலு பக்கக் கடிதம். நேற்று இரவு முழுக்க எழுதியது. என்னோடு நின்ற தம்பையா சொன்னான், "செட்டை எண்டு எழுது. கேட்டால் கோழி எண்டு ரீச்சர் சொல்லட்டும்." ரீச்சர் நேரத்தைப் பார்த்தா. கையில் வைத்து எழுத வரவில்லை. தம்பையா முதுகைக் காட்டிக் குனிந்தான். அவன் முதுகில் கொப்பியை வைத்து, ஒரு தாள் கிழித்து எழுதினேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், ரீச்சர் அங்கே மாற்றி எழுதிவிட்டால் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்பு மகன் நேசன்,
இது என் கையெழுத்து. பக்கத்தில் நின்று ஒருவரும் சொல்லித்தரவில்லை, மாமா குனிந்து மட்டும் நின்றவர்.
செட்டைக்குக் கீழே வருகிற இரண்டையும் ஒட்டாதே. ஒட்டியிருந்தால் கழற்று. ஓட்டையை அடைத்துவிடு. அன்னம் மாமியை நினைத்துக்கொள், ஏன் என்று விளங்கும்.
எங்களுடையது முடிந்தது.