கேள்வி பதில் முடியும்வரை

உன் இட்லி டப்பாவை இன்று காலை மறுபடி எடுத்தேன். எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் கலந்த அந்த வாசனை போவேனா என்கிறது. மணி பத்தாக இரண்டு நிமிடம். டிவியில் மத்திய வங்கி கவர்னர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் செல்போனை டப்பாவுக்குள் வைத்து மூடினேன். ஆறு வருடமாக இதே பழக்கம். நீ இருந்திருந்தால் என்னை மூடவே விட்டிருக்க மாட்டாய். கையை நீட்டி, "குடு இங்க" என்று பிடுங்கியிருப்பாய்.

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனிக்கும் மும்பையில் ஒருவர் பேசுவதற்கும் என்னடி சம்பந்தம் என்று லைனில் வேலை செய்யும் பெண்கள் நம்மைக் கிண்டல் செய்வார்கள். ஜப்பானிலிருந்து வரும் தகட்டுக்கு விலை டாலரில். ரூபாய் கொஞ்சம் சறுக்கினாலும் அதே தகட்டுக்குக் கூடுதலாக அழ வேண்டும். அதனால் வேண்டிய டாலரை அன்றைய விலைக்கே பிடித்துவைக்கச் சொல்லி வங்கியில் புக் செய்வோம். நீ ஃபைனான்ஸ், நான் பர்ச்சேஸ். கவர்னர் பேசும் நாளில் காலையிலேயே நீ வங்கிக்குச் சொல்லிவிடுவாய். பதினோரு மணிக்குள் அவர்கள் புக் செய்துவிடுவார்கள். சொன்ன பிறகு யாரும் மாற்றக் கூடாது. நான் அவசரப்பட்டு வங்கியைக் கூப்பிட்டுவிடாமல் இருக்க, பத்து மணிப் பேச்சு தொடங்கி, பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்கும் நிருபர்களின் கேள்வி பதிலும் முடியும்வரை என் போன் உன் டப்பாவில்தான்.

"எழுதி வெச்சினு படிக்கிறது நாலு பேரு பாத்து குடுத்ததுடி. கேள்வி கேக்கசொல்ல இன்னா சொல்றாரு பாரு, அதுலதான் கீது விஷயம்" என்பாய்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், பத்து மணிப் பேச்சில் ரூபாய் திடமாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்கிற தொனி. திரையில் டாலர் விலை பைசா பைசாவாக இறங்கியது. மேனேஜர் உன்னை உள்ளே கூப்பிட்டார். போகிற போக்கில், "தொறக்காத" என்றாய். எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? நாளைக்கு இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்று பரபரத்தது. எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம் வரவேண்டும். அதற்குள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட ஆசை. பதினோரு மணி ஆகுமுன் டப்பாவைத் திறந்து வங்கிக்குப் பேசினேன்.

"மேடம் இன்னிக்கு வேணாம்னுட்டாங்க சார்."

உன் பேரில் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு நிருபர், ரூபாய் விழுந்தால் தாங்கிப் பிடிப்பீர்களா என்று கேட்டார். இந்த விலையில்தான் நிற்க வேண்டும் என்று நாங்கள் எதையும் குறித்துவைக்கவில்லை என்றார் கவர்னர், லேசான சிரிப்போடு. அவ்வளவுதான். தாங்கிப் பிடிக்க ஆள் வரமாட்டார் என்று சந்தை எடுத்துக்கொண்டது. ஆளாளுக்கு டாலரை வாங்க ஓட, ரூபாய் விழுந்துகொண்டே போயிற்று. "நல்லவேள, நம்மளுது காலைலயே புக் ஆயிருச்சு" என்றாய் நீ. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தாய்.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யாரும்மா பேங்க்ல நிறுத்தச் சொன்னது?"

"நான்தான் சார்" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டாய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வாய் திறக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் பிள்ளைப்பாக்கம் வரும்வரை அழுதேன். "இன்னாத்துக்கு இப்போ மூக்க சிந்தினு கீற? என்னிய திட்டுவாங்க, அவ்ளோதான். நீன்னா வூட்டுக்கே அனுப்பிருவாங்கடி" என்றாய். திட்டோடு நிற்கவில்லை. உனக்கு வரவேண்டிய பெரிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது டப்பாவை என் மேசையில் வைத்து, "உனக்குத்தான் இது வேணும்" என்று சிரித்தாய். அடுத்த வாரம் என் கடிதம் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் காலையில் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். போன தையில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. குன்றத்தூரில் உன் வீட்டு வாசலில், கம்பெனிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தேன்.

இன்றும் பத்து மணிப் பேச்சில் நல்ல வார்த்தைகள்தான். அதே மேனேஜர் வந்து, இப்போது என்னுடையதாகிவிட்ட உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். "ரூபா ஏறுதேம்மா. பேங்க்ல நிறுத்தச் சொல்லு" என்றார். டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "சொன்னது சொன்னதுதான் சார். நிருபருங்க கேக்கட்டும்" என்றேன். பன்னிரண்டு மணிவரை அவரும் நகரவில்லை, நானும் கையை எடுக்கவில்லை. எண்ணெய் விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். கவர்னர் தண்ணீர் குடித்தார், யோசித்தார், பார்க்கலாம் என்றார். ரூபாய் மடமடவென்று இறங்கியது. நம் டாலர் பதினோரு மணிக்கே புக் ஆகியிருந்தது.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். "முன்னாடி இந்த சீட்ல இருந்த அந்தம்மா மாதிரி நீ அவசரப்படல பாத்தியா" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "சார், அன்னிக்கு பேங்க்குக்குப் போன் பண்ணது நானு. அவங்க பேரச் சொல்லி நான்தான் நிறுத்துனேன்."

டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "அந்தம்மாவே போய்ச் சேந்தாச்சு. இப்போ ஏம்மா இதச் சொல்ற?" என்றார். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். நாளைக்கு என்ன செய்வாரோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

சாப்பிடக்கூடப் போகாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டப்பா மடியில் இருக்கிறது. என் தப்பை இத்தனை வருடம் உன் பேரில் வைத்திருந்தாய். போதும்டி.

குடு இங்க.